கொட்டகைக் கடிகாரத்தில் ஆறு மணி

ராதோய்கா கதவைத் தட்டவில்லை. சந்திப்பு ரயில் நிலையத்தின் மாடி அறைக்குள் நேராக நுழைந்தவள், நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விபத்து விசாரணை அதிகாரி நீங்கதானே?"

"நான்தான். உக்காருங்க" என்றாள் கொசாரா.

"உக்காந்தா அழுதுடுவேன். நின்னுக்கிட்டே சொல்லிடறேன். லிபோவோ கேட் கீப்பர் மிலுதின் என் வீட்டுக்காரர். ட்யூட்டி நேரத்துல கேட்டைத் திறந்து போட்டுட்டு சைக்கிள்ல ஊர் சுத்தப் போனார்னு பிடிச்சு உள்ள வெச்சிருக்காங்க. நாளை மறுநாள் கோர்ட்டு. தீர்ப்பு எதிரா வந்தா அவர் ஜெயிலுக்குப் போவார், நான் கேட் வீட்டைக் காலி பண்ணணும். வீடு போனாப் போகட்டும். அவர் அந்த கேட்டை விட்டு அசையற ஆள் இல்லம்மா. எங்க கல்யாணத்தன்னைக்கே சாயங்கால ரயிலுக்குக் கேட் போட்டுட்டுத்தான் சாப்பிட உக்காந்தார்."

கொசாரா மேசை மேல் இருந்த சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். கொசாராவுக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். கனத்த உடம்பு, நிதானமான கை. அவள் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. தாமதமாக வந்தும் யாரும் பார்த்ததில்லை.

"எடுத்துக் கொறிங்க. கொறிக்கும்போது அழ முடியாது. போன புதன்கிழமை நடந்ததை முதல்ல இருந்து சொல்லுங்க."

ராதோய்கா சொல்வதற்குள் கதவு மறுபடி திறந்தது. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் இளம் போலீஸ்காரன் உள்ளே வந்தான். லிபோவோவின் திஹோமிர். மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"தோழர் கொசாரா, இந்த அம்மா இங்க வருவாங்கன்னு தெரிஞ்சேதான் வந்தேன். சாட்சி எழுதினது நான். கையெழுத்து போட்டதும் நான். ஆனா மூணு நாளா சோறு இறங்கல. தப்பு எங்கேயோ இருக்கு, எங்கன்னு தெரியல."

"உக்காரு தம்பி. நீயே சொல்லு. எழுதினவனுக்குத்தான் வரிசை தெரியும்."

திஹோமிர் சொன்னான். புதன் காலை ஆறரை மணிச் சரக்கு ரயில், லிபோவோ கேட்டில் ஸ்ரேதன் என்பவரின் குதிரை வண்டியில் மோதியது. குதிரை செத்தது. ஸ்ரேதனுக்கு இடுப்பெலும்பு முறிந்து இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ரயில் நீளமானது, ஒரு கிலோமீட்டர் தாண்டித்தான் நின்றது. எஞ்சின் டிரைவர் நடந்து திரும்பி வந்து பார்த்தபோது கேட் திறந்திருந்தது, கேட் கீப்பரைக் காணோம். ஏழு மணிக்கு மிலுதின் டாக்டரோடு அங்கே வந்து சேர்ந்தார்.

"மிலுதின் என்ன சொல்றார்?"

"கேட்டைப் போட்டேன், ரயில் மோதிச்சு, ஸ்ரேதனை இழுத்து ஓரமாப் படுக்க வெச்சேன், டாக்டர் காருக்காகக் கேட்டைத் தூக்கிட்டு சைக்கிள்ல ஊருக்குள்ள ஓடினேன்னு சொல்றார். போட்ட கேட்டுக்குள்ள வண்டி எப்படி வந்துச்சுன்னு கேட்டா வாயே திறக்கமாட்டேங்கிறார். ஸ்ரேதன் என்ன சொல்றார்னா, கேட் திறந்துதான் இருந்துச்சு, கீப்பர் இல்ல, அடிபட்டதும் மயங்கிட்டேன், அப்புறம் எதுவும் தெரியாதுங்கிறார்."

"மிலுதினைப் பிடிச்சது எதனால?"

"டெசான்காவால." திஹோமிர் குரலைத் தாழ்த்தினான். "கேட்டுக்கும் ஊருக்கும் நடுவுல அவங்க மாட்டுக் கொட்டகை. பால் கறந்து முடிச்சு ஜன்னல் வழியாப் பார்த்திருக்காங்க. மிலுதின் கேட்டுப் பக்கத்துல இருந்து ஊரைப் பார்த்து சைக்கிள்ல பறந்து போயிருக்கார். கொட்டகைக் கடிகாரத்துல அப்போ சரியா ஆறு மணி. ரயில் வந்தது ஆறரை."

"ஆறு மணின்னா எந்த ஆறு மணி?"

கேள்விக்குக் காத்திருந்தவன் போலத் திஹோமிர் நிமிர்ந்தான். விபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நாடு முழுவதும் முதல் தடவையாகக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து லிபோவோவில் யார் மணி சொன்னாலும், பழசா புதுசா என்று கேட்காமல் யாரும் நம்புவதில்லை.

"அதைத்தான் நானும் யோசிச்சேன். பழைய நேரமா இருந்தா புது நேரத்துக்கு அது ஏழு. ஏழு மணிக்கு மிலுதின் டாக்டர் பக்கத்துல நிக்கிறார், பத்து பேர் பார்த்திருக்காங்க. அதனால பழைய நேரமா இருக்க முடியாது. அப்போ புது நேரம். புது நேரம்னா ரயிலுக்கு அரை மணி முன்னாடியே அவர் கேட்டை விட்டுட்டார். சந்தேகத்துக்கு நேத்து ஞாயித்துக்கிழமை நானே கொட்டகைக்குப் போய் அந்தக் கடிகாரத்தை ரேடியோவோட ஒத்துப் பார்த்தேன். நிமிஷம் பிசகல."

"அந்தம்மா பொய் சொல்றாங்களா?"

"டெசான்காவா?" ராதோய்கா முதல் தடவையாகக் குறுக்கிட்டாள். "அவளுக்குப் பொய் வராது. வந்தாலும் அவளே சிரிச்சுக் காட்டிக் குடுத்துடுவா. என் கல்யாணத்துக்குத் தோழிப்பெண் அவதாம்மா. அதான் எனக்கு வயிறு எரியுது."

கொசாரா ஒரு விதையை உடைத்தாள். "ஆறுன்னாலும் ஒத்து வரல, ஏழுன்னாலும் ஒத்து வரல. சரி, முதல்ல உன் கைதியைப் பார்க்கலாம்."

மிலுதின் ஒல்லியான மனிதர். போலீஸ் நிலையத்துப் பெஞ்சில், ரயில் வருவதற்குக் காத்திருக்கிறவரைப் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"கேட்டைப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"பிறகு யார் தூக்கினாங்க?"

"டாக்டர் காருக்காக நான் தூக்கினேன்."

"அதுக்கு முன்னாடி?"

மிலுதின் ஜன்னலைப் பார்த்தார். "அந்தக் குதிரை பேரு ஷார்கா. நாலு வருஷமா தினம் என் கேட்டைத் தாண்டிப் போகும். பாவம், எழுந்திரிக்கப் பார்த்துச்சு."

"நான் கேட்டது வேற."

"நீங்க கேட்டது காதுல விழுந்துச்சும்மா. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்."

வெளியே வந்ததும் திஹோமிர் பொருமினான். "பார்த்தீங்களா? இப்படித்தான். தலையை அவரே கொண்டு போய் நீட்டறார்."

"ஒளிக்கிறவன் நிறையப் பேசுவான் தம்பி. இவர் பேச மாட்டேங்கிறார். எதையோ காபந்து பண்றார். வா, கேட்டைப் பார்க்கலாம்."

லிபோவோ கேட் ஸ்ரேம் சமவெளிக்கு நடுவே இருந்தது. சுற்றிலும் உழுத வயல். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மரமும் இல்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கேட் அறை. உள்ளேயிருந்து கைப்பிடியைச் சுற்றினால் கம்பி இழுத்து, சிவப்பும் வெள்ளையும் பூசிய இரண்டு கட்டைகளும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். கொசாரா இந்தப் பக்கத்துக் கட்டையின் நுனியைக் கையால் உயர்த்திப் பார்த்தாள். பழைய கம்பி தளர்ந்திருந்தது. கட்டை கொஞ்சம் எழும்பி, மறுபடி கனத்தோடு இறங்கியது.

அவள் சாலையோரப் பள்ளத்தில் இறங்கினாள். புல்லுக்குள் ஒரு நீளக் கழி கிடந்தது, நுனியில் இரண்டாகக் கவை பிரிந்த கழி.

"இது என்ன?"

"பிளம்ஸ் மரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கழி. காய்ப்புக் காலத்துல கிளை ஒடியாம இருக்க வெப்பாங்க" என்றான் திஹோமிர். சொன்ன வேகத்தில் நிறுத்தினான்.

"இங்க எங்கப்பா பிளம்ஸ் மரம்?"

திஹோமிரின் காது சிவந்தது.

கொசாரா கழியைத் தூக்கிக் கவையின் உட்புறத்தை வெளிச்சத்தில் காட்டினாள். மரத்தின் நரம்புக்குள் சிவப்பு வண்ணமும் வெள்ளை வண்ணமும் தேய்ந்து ஏறியிருந்தன. ஒரு நாள் இரண்டு நாள் தேய்ப்பில் ஏறுகிற வண்ணமல்ல அது.

"நீ இந்த ஊர்ப் பையன்தானே. சொல்லு."

"தோழர் கொசாரா, இதை ரயில்வேக்காரங்ககிட்ட யாரும் சொல்லக் கூடாது."

"நான் ரயில்வேதான். நீ போலீஸ். வேற யாரு இருக்காங்க இங்க?"

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "காலைச் சரக்கு ரயில் சில நாள் வராது. ரத்துன்னு ஸ்டேஷன்ல இருந்து சேதி வர்றதுக்குள்ள கேட் போட்டபடியே கிடக்கும். வண்டியில பால் இருக்கும், தக்காளி இருக்கும், எவ்வளவு நேரம்தான் நிக்கிறது? இந்தக் கழியால கட்டையைத் தூக்கி முட்டுக் கொடுத்துட்டு வண்டியை ஓட்டிட்டுப் போவோம். அப்புறம் கழியைப் பள்ளத்துல போட்டுடுவோம். அப்பா காலத்துல இருந்து உண்டு. மிலுதினுக்குத் தெரியும். பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்குவார்."

"எழுதின சாட்சியில இது ஏன் இல்ல?"

"யாரும் கேட்கலையே."

கொசாரா அதற்குக் கோபப்படவில்லை. கழியைத் தாங்கள் வந்த வண்டிக்குள் வைக்கச் சொன்னாள்.

ஊருக்குள் பால் சேகரிக்கும் நிலையத்தின் முன்னால் ஒரு கூட்டம் நின்றது. பால் லாரி ஓட்டுநர் ஷாந்தோர் கேன்களை ஏற்றிக்கொண்டே எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மின்சாரம் மிச்சமாகும்னு சொல்றாங்க" என்றார் பள்ளி ஆசிரியர். "சாயங்காலம் விளக்கு போடாமலே ஒரு மணி நேரம் கூடுதலா வேலை செய்யலாம். நான் நேத்து வெங்காயப் பாத்தி முழுக்கக் களையெடுத்தேன்."

"நீங்க களையெடுத்தீங்க, எங்க பிள்ளைங்க காலையில இருட்டுல தடவிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகுது" என்றாள் ஒருத்தி. "சாயங்காலம் மிச்சம் பிடிச்ச விளக்கைக் காலையில போடறோம். எங்க மிச்சம்?"

"ஐரோப்பா முழுக்க இதே நேரம்தான். வெளிநாட்டு ரயிலோட நம்ம ரயில் ஒத்துப் போக வேண்டாமா?"

"ரயில் ஒத்துப் போச்சு. ஸ்ரேதனோட குதிரைக்கு யாரும் சொல்லலையே."

கொசாரா ஷாந்தோர் பக்கம் நகர்ந்தாள்.

"மாடுங்க எப்படி இருக்கு அண்ணே, புது நேரத்துல?"

"அதைக் கேக்காதீங்க. திங்கள்கிழமையில இருந்து வீட்டுக்கு வீடு மாடு உதைக்குது. நடு ராத்திரியில எழுப்பிக் கறந்தா அதுவும்தான் என்ன பண்ணும்? பாதிப் பால்தான் வந்துச்சு. விதோமிர் வீட்டு மாடுங்க மட்டும் வித்தியாசம். டெசான்கா வீட்டுக்காரர்தான். பால் குறையவே இல்ல. ஆனா என்னைக் காக்க வெச்சே கொன்னுட்டாங்க. திங்கள்கிழமை மத்த வீடெல்லாம் முடிச்சுத் திரும்பி வந்தாலும் கேன் வரல. செவ்வாய்க்கிழமை அதைவிடக் கொஞ்சம் சீக்கிரம். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். இப்போ நான் ஹாரன் அடிக்கும் முன்னாடியே கேன் வாசல்ல நிக்குது. பழகிட்டாங்க போல."

"பழகிட்டாங்க போல" என்று கொசாரா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

டெசான்காவின் கொட்டகைக்கு அவர்கள் மறுநாள் விடியும் முன்னமே போனார்கள். கறவை நேரத்தில்தான் பார்க்க வேண்டும் என்று கொசாரா பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். டெசான்கா வட்ட முகமும் பெரிய தோள்களுமாக, ஒரு பசுவின் விலாவில் நெற்றியை முட்டுக் கொடுத்துக் கறந்துகொண்டிருந்தாள். அவள் கணவர் விதோமிர் வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய ரப்பர் பூட்ஸ்.

"இன்னொரு தரம் சொல்லணுமா?" என்றாள் டெசான்கா. "சொன்னதே தொண்டையில நிக்குது. ராதோய்கா என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கிறா. நான் பார்த்ததைத்தானே சொன்னேன்?"

"பார்த்ததை மட்டும் சொல்லுங்க. கறந்து முடிச்சீங்க, ஜன்னல்கிட்ட வந்தீங்க. அப்புறம்?"

"கேனை மூடிட்டு நிமிர்ந்தேன். மேல கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு. ஜன்னல்ல எட்டிப் பார்த்தா கேட் பக்கமிருந்து யாரோ சைக்கிள்ல வேகமா வர்றாங்க. வெயில் நேரா கண்ணுல அடிச்சது, கையை இப்படி மறைச்சுக்கிட்டுத்தான் பார்த்தேன். மிலுதின். தொப்பிகூட இல்ல."

திஹோமிர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். கொசாரா கொட்டகைக் கடிகாரத்தைப் பார்த்தாள். மாடுகளின் கொம்பும் வாலும் எட்டாத உயரத்தில், தூசி படிந்த சுவரில் தொங்கியது. அதன் விளிம்பில் ஓரிடம் மட்டும் பளிச்சென்று துடைத்தது போல இருந்தது. அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டும் ஆறு காட்டின. பிறகு ஜன்னலைப் பார்த்தாள். கேட்டுக்குப் பின்னால், வயலின் விளிம்பில், சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மட்டும் வெளுத்திருந்தது. சூரியன் இன்னும் வரவில்லை.

"வீட்டுக்குள்ள வேற கடிகாரம் இருக்கா?"

"இருந்தது, செத்துப்போச்சு. ரேடியோவுக்கு பேட்டரி கடையில கிடைக்கல. இந்தக் கடிகாரம்தான் எங்களுக்கு எல்லாம். இவர் பார்த்து எழுப்புவார், நான் எழுந்திருப்பேன்."

"புது நேரத்துக்கு மாத்தினது யாரு?"

"ஐயாதான்" என்று தாடையால் காட்டினாள். "ஊர்க் கூட்டத்துல எழுந்து நின்னு பேசினாரே, கேக்கலையா? நான் சொன்னேன், மாடுங்க பாவம், கொஞ்சம் கொஞ்சமா மாத்துவோம்னு. அத்தனை பேர் முன்னாடி என்னைப் பார்த்துச் சிரிச்சார். மாட்டுக்குப் பயந்து நாடு பின்னால நடக்குமான்னார். ஒரே நாள்ல, ஒரே தள்ளு தள்ளுவேன்னார்."

"அரசாங்கம் சொன்னா செய்யணும்" என்று விதோமிர் வைக்கோலைப் பார்த்துச் சொன்னார்.

"செஞ்சீங்களா?" என்று கேட்டாள் கொசாரா.

"கடிகாரத்தைப் பாருங்களேன். சரியாத்தானே இருக்கு."

கொசாரா குனிந்தாள். கடிகாரத்துக்கு நேர் கீழே ஒரு முக்காலி. கறவை முக்காலிதான், ஆனால் பசுக்கள் பக்கம் இல்லாமல் சுவரோரம் கிடந்தது. உட்காரும் பலகையில் சாணி படிந்த பூட்ஸ் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்திருந்தன. அகலமான குதிகால்.

"இந்தக் கடிகாரத்துக்கு எப்போ சாவி கொடுப்பீங்க?"

"ஞாயித்துக்கிழமை மட்டும். ஒரு வாரம் ஓடும்" என்றாள் டெசான்கா. முக்காலியைப் பார்த்ததும் அவள் முகம் சுளித்தது. "யாரு இது மேல ஏறினது? அன்னைக்கே தேடினேன். நான் உக்கார்ற பலகைய்யா இது."

விதோமிர் வைக்கோல் பக்கம் குனிந்தார். அவருடைய கழுத்து மீசை வரை சிவந்தது.

கொசாரா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "இன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வரணும். ஸ்ரேதனைப் பார்க்க. கடுப்பா இருந்தாலும் வாங்க."

வெளியே திஹோமிர் குறுக்கே வந்து நின்றான். "எனக்குப் புரிஞ்சிருச்சு. விதோமிர் கடிகாரத்தை மாத்தவே இல்ல, சரியா? பழைய நேரத்துலயே விட்டுட்டார். ஆனா அப்படின்னா ஏழு மணி, ஏழு மணிக்கு மிலுதின்..." நின்றான். "சே, மறுபடி அதே இடம்."

"பாதி வந்துட்டே. மீதியை நடந்துக்கிட்டே யோசி."

ஆஸ்பத்திரி வார்டில் ஸ்ரேதனின் கட்டிலைச் சுற்றி ஐந்து நாற்காலி போட இடமில்லை, அதனால் விதோமிர் நின்றார். ஸ்ரேதன் இடுப்புக்குக் கீழே மாவுக்கட்டோடு, கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். நரைத்த தாடி, வெயிலில் வெந்த முகம். ராதோய்கா ஓர் ஓரத்தில் கைகளை மடித்து உட்கார்ந்திருந்தாள். டெசான்கா பக்கம் திரும்பவில்லை, ஸ்ரேதன் பக்கமும் திரும்பவில்லை.

"முதல்ல கடிகாரம்" என்று ஆரம்பித்தாள் கொசாரா. "டெசான்கா ஆறு மணின்னு சொன்னாங்க. அது புது நேரம்னு போலீஸ் எடுத்துக்கிட்டது. ஆனா அவங்க வெயில் கண்ணுல அடிச்சுதுன்னும் சொன்னாங்க. இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு நான் அதே ஜன்னல்ல நின்னேன். சூரியனே வரல. ஒரு வாரத்துக்கு முன்னாடி இன்னும் தாமதமாத்தான் வந்திருக்கும். அதனால அவங்க பார்த்தது புது நேரத்துக்கு ஆறு இல்ல."

"அப்போ பழைய நேரம்" என்றாள் டெசான்கா.

"பழைய நேரம்னா ஏழு. ஏழு மணிக்கு மிலுதின் டாக்டரோட இருந்தார். ரெண்டும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நேரம் இருந்திருக்கணும். இப்போ பால் லாரிக்காரர் சொன்னதைக் கேளுங்க. திங்கள்கிழமை விதோமிர் வீட்டுப் பால் ரொம்பத் தாமதம். ஒவ்வொரு நாளும் தாமதம் கொஞ்சம் குறைஞ்சுது. வார முடிவுல காணாமலே போச்சு. அந்த வீட்டு மாடு மட்டும் உதைக்கல, பாலும் குறையல. ஒரே நாள்ல பழகற மாடு உலகத்துல இல்ல. கடிகாரத்துக்குக் கீழ ஒரு முக்காலி, அதுல பல தரம் ஏறின தடம். வாரத்துக்கு ஒரு தரம் சாவி கொடுக்கிற கடிகாரத்துக்கு இத்தனை தரம் யாரு ஏறுவா?"

எல்லோரும் விதோமிரைப் பார்த்தார்கள்.

"பத்து நிமிஷம்" என்றார் விதோமிர். குரல் மீசைக்குள்ளேயே நின்றது. "தினம் சாயங்காலம் பத்து நிமிஷம் முன்னால தள்ளினேன். திங்கள்கிழமையில இருந்து. சனிக்கிழமை சரியாப் போச்சு."

டெசான்கா எழுந்தாள். "என்னையா சிரிச்சே? அத்தனை பேர் முன்னாடி? நான் சொன்னதையே எனக்குத் தெரியாம செஞ்சியா?"

"பெரிய பசு ஞாயித்துக்கிழமை சாயங்காலமே என்னைப் பார்த்துச்சு. ஒரு மாதிரி பார்த்துச்சு. மனசு கேக்கல."

"பசு பார்த்தா மனசு கேக்காது, நான் பார்த்தா கேக்கும்."

"ஊர்க் கூட்டத்துல பேசிட்டேனே. எப்படிச் சொல்றது? உன் சாட்சிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நேத்துதான் உறைச்சுது. உறைச்சதும் வாய் வரல."

திஹோமிர் விரல்விட்டுக் கொண்டிருந்தான். "திங்கள் பத்து, செவ்வாய் இருபது. அறுபதுல இருபது போக, புதன் காலையில கடிகாரம் இன்னும் நாப்பது நிமிஷம் பின்னால. அவங்க ஆறுன்னு பார்த்தது ஆறு நாப்பது. ரயில் மோதிப் பத்து நிமிஷம் கழிச்சு. மிலுதின் சொன்னபடியே டாக்டரைக் கூப்பிடப் போயிட்டிருந்தார். நான் ஞாயித்துக்கிழமை போய் ஒத்துப் பார்த்தப்போ கடிகாரம் எல்லாத்தையும் முடிச்சு உக்காந்திருக்கு."

ராதோய்கா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். டெசான்கா அவளிடம் போய், கேட்காமலே அவள் நாற்காலியின் பாதியில் உட்கார்ந்துகொண்டாள். ராதோய்கா விலகி இடம் கொடுத்தாள்.

"அப்போ அவர் கேட்டை விட்டுப் போகல" என்றாள் ராதோய்கா. "கேட் போட்டிருந்தது."

"போட்டிருந்தது" என்றாள் கொசாரா. "அதனாலதான் இந்த வார்டுக்கு வந்தோம்."

ஸ்ரேதனின் கண் கூரையிலிருந்து இறங்கவில்லை.

"நீங்க கேட்டுக்கு வந்தது ஆறரைக்கு. உங்க கணக்குல மணி என்ன ஸ்ரேதன்?"

ஸ்ரேதன் கூரையைப் பார்த்தே சொன்னார். "அஞ்சரை. எங்க வீட்டுல யாரும் கடிகாரத்தைத் தொடல. சூரியன் மாறல, நாங்க ஏன் மாறணும்னு இருந்துட்டோம். நேரம் மாறினப்புறம் அன்னைக்குத்தான் முதல்ல வண்டி கட்டினேன்."

"அஞ்சரைன்னா ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம். ஆனா கேட் போட்டிருந்தது."

"ராத்திரி ரயிலுக்குப் போட்டதை எடுக்க மறந்து தூங்கிட்டான்னு நினைச்சேன்" என்றார் ஸ்ரேதன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவருக்குத் தெரிந்தது.

கொசாரா கவைக் கழியைக் கொண்டுவந்து கட்டில் காலில் சாய்த்து வைத்தாள், அவ்வளவுதான். லிபோவோக்காரர்கள் ஐந்து பேரும் அதைப் பார்த்துவிட்டு வேறு எங்கோ பார்த்தார்கள்.

"நான் சும்மா சொல்லல" என்றார் ஸ்ரேதன். "ரயிலுக்குக் குறுக்கே போனவன் ஜெயிலுக்குப் போவான்னாங்க. ஷார்காவும் போச்சு. நான் இங்க கிடக்கிறேன். என் வீட்டுல உழறதுக்கு வேற ஆளில்ல. மிலுதினுக்குச் சம்பளம் இருக்கு, யூனியன் இருக்கு, எப்படியும் விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். மயங்கினதாச் சொன்னேன். மயங்கல."

"மிலுதின் எங்க நின்னார், நீங்க கட்டையைத் தூக்கினப்போ?"

"அந்தப் பக்கம். கத்தினான். காத்துல என்ன சொன்னான்னு கேக்கல, ரயில் வரும்னு நினைக்காததால தண்டவாளத்தையும் பார்க்கல. போன்னு சொல்றான்னு நினைச்சு வண்டியை விட்டேன்."

"அப்போ அவர் உங்களைப் பார்த்தார்."

"பார்த்தான்."

"கழியையும் பார்த்தார்."

"பார்த்தான்."

"நாளைக்குக் கோர்ட்டு, இன்னும் உங்க பேரை அவர் சொல்லல" என்றாள் கொசாரா. "நான் கேட்டேன். குதிரையைப் பத்திப் பேசினார்."

வார்டில் யாரோ தூரக் கட்டிலில் இருமினார்கள். ஸ்ரேதன் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தார். மாவுக்கட்டு விடவில்லை. முகம் மட்டும் திரும்பியது.

"என் அறிக்கையில ரெண்டு விஷயம் எழுதுவேன்" என்று கொசாரா அதே குரலில் தொடர்ந்தாள். "ஒண்ணு, போட்ட கேட்டை வண்டிக்காரர் தூக்கினார். இன்னொண்ணு, ஒரே ராத்திரியில ரயிலை ஒரு மணி நேரம் நகர்த்தின எங்க தலைமை அலுவலகம் அந்தக் கேட்டுல ஒரு பலகைகூட வெக்கல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுத்தான் கோர்ட்டு பார்க்கணும். ஆனா முதல் விஷயத்தை நான் எழுதறதும் நீங்க சொல்றதும் ஒண்ணு இல்ல."

திஹோமிர் குறிப்பேட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, மூடினான். கொசாரா அவனை அவசரப்படுத்தவில்லை.

எழுந்தது ராதோய்கா. டெசான்காவின் கையை விட்டுவிட்டுக் கட்டிலருகே வந்தாள். ஆறு நாளாக அவள் இந்த மனிதரை என்ன செய்வதென்று யோசித்திருந்தாளோ, அது அவள் முகத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. கொசாரா நாற்காலியிலிருந்து லேசாக எழும்பினாள்.

ராதோய்கா தலையணையை உருவி, உதறி, மடித்து, ஸ்ரேதனின் முதுகுக்குப் பின்னால் கொடுத்து அவரை உட்கார வைத்தாள்.

"படுத்துக்கிட்டே சொன்னா குரல் எழும்பாது" என்றாள். "இந்தத் தம்பி மெதுவாத்தான் எழுதுவான். முதல்ல இருந்து, நிறுத்தி நிறுத்திச் சொல்லு."

ஸ்ரேதன் அவளைப் பார்த்தார். பிறகு திஹோமிரைப் பார்த்தார்.

"எழுதிக்கோ" என்றார். "கேட் போட்டிருந்தது."